ஹேசலின் ஆட்டில் மூன்று குறைகள்

கம்பம்மெட்டு சந்திப்பில், ஏலமும் மிளகும் வாங்கும் பூபதிராஜாவின் மலஞ்சரக்குக் கடையில் இருபத்தொன்பது வருடங்களாக நான் செய்துவரும் வேலை ஏலக்காயைப் பார்ப்பது. மலையில் விளைவித்தவர்கள் காயை உலர்த்திச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவார்கள். அதிலிருந்து இரண்டு கை அள்ளி எவர்சில்வர் தட்டில் பரப்பி என் முன்னால் வைப்பார்கள். நான் பார்ப்பேன். சிலவற்றை உள்ளங்கையில் உருட்டுவேன். ஒன்றைப் பிளந்து முகர்வேன். பிறகு சும்மா இருப்பேன். அந்தச் சும்மா இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று பூபதிராஜா வருகிறவர்களிடம் சொல்வார்.

சும்மா இருந்து முடித்தபின் நான் சொல்வது இரண்டில் ஒன்று. காய் தேறாது என்றால், "நல்ல காய்" என்று சொல்லித் தட்டை மெதுவாக அவர்கள் பக்கம் நகர்த்திவிடுவேன். மழையும் அட்டைக்கடியும் பட்டு வந்திருக்கும் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து உங்கள் காய் மோசம் என்று சொல்ல எங்கள் சந்திப்பில் யாருக்கும் வாய் வராது. காய் நன்றாக இருந்தால் குறை சொல்வேன். "கொஞ்சம் பொக்கு கலந்திருக்கு", "ஒரு பக்கம் வெளுத்திருக்கு", "சூடு அரைமணி நேரம் கூடிப்போச்சு" என்று எதையாவது. வாங்கப்போகிறவன்தான் குறை தேடுவான். இது எங்கும் எழுதிவைத்த விதி அல்ல. ஆனால் எங்கள் வரிசையில் மூன்று கடைகள் இருக்கின்றன, மூன்றிலும் இப்படித்தான்.

மதலேனம்மாள் என்று ஒருவர் வருவார். அறுபது வயது, ஒன்றரை ஏக்கர் ஏலம் வைத்திருக்கிறார். தட்டை வைக்கும்போதே, "நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிராத மிக்கேலு. காலைப் பூசை பாத்துட்டு நேரா வாரேன்" என்பார்.

நான், "நாலஞ்சு வெடிப்பு தெரியுதே" என்றால் அவர் முகம் மலரும். "நல்லாப் பாரு, இன்னும் இருக்கும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

என் மனைவி புஷ்பமேரி கல்யாணத்துக்கு முன் இதே கடையில் காய் பொறுக்கியவள். ஆகவே எங்களுக்குள் விளக்கம் தேவைப்பட்டதில்லை. கல்யாணமான முதல் மாதத்தில் அவள் அம்மா வந்திருந்தார். மரியாதைக்காக, புஷ்பமேரி வைத்த மீன்குழம்பை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் சட்டியைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து ரசம் வைத்தாள். அதற்குப்பின் நான் அந்தத் தவறைச் செய்ததில்லை. "புளி ஒரு சொட்டு முந்துது" என்பேன். அவள் இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

எங்கள் ஒரே மகள் டின்சி நியூசிலாந்தில் இருக்கிறாள். ஊர் என்று சொல்ல ஒரு பெட்ரோல் பங்கும் ஒரு தேவாலயமும் மட்டும் உள்ள ஓரிடத்தில், ஆரம்பப் பள்ளியில் டீச்சருக்கு உதவியாளர். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள்.

"அப்பா, எந்நேரமும் எதையாவது படிச்சுக்கிட்டுதானே இருக்கீங்க. அதோட எங்க பிள்ளைங்க எழுதுறதையும் படிங்களேன்."

வகுப்புக்கு ஒரு பிளாக் இருந்தது. எட்டு ஒன்பது வயதில் பத்தொன்பது பிள்ளைகள். வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது எழுதி அதில் போடுவார்கள். கீழே யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். டீச்சர் பார்த்து அனுமதித்தபின் அது வெளியாகும்.

"பெத்தவங்களே எழுத மாட்டேங்கிறாங்கப்பா. ஒரு கமென்ட் வந்துட்டா அன்னைக்கு முழுக்கத் துள்ளிக்கிட்டு இருக்கும்ங்க. அதுவும் இந்தியாவுல இருந்துன்னா கேக்கவே வேண்டாம்."

"என்ன எழுதணும்?"

"ஊக்கப்படுத்தணும்."

நான் யோசித்தேன்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஊக்கம்னா, அதுங்களுக்கு மறுபடியும் எழுதணும்னு தோணணும். அம்புட்டுதான்."

நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. பஞ்சாயத்து வாசகசாலையில் வாங்கிவந்த புத்தகம் ஒன்று எப்போதும் கையில் இருக்கும். ஒரு பக்கம் படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் இருப்பேன். அந்தப் பத்து நிமிடத்தில் புஷ்பமேரி கேட்ட கேள்விகள் எதற்கும் இதுவரை பதில் கிடைத்ததில்லை. ஆகவே நான் பால் ஊற்றாத கட்டங்காப்பியும் போனுமாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கியதை அவள் அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள்.

"எங்கிட்ட ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. நியூசிலாந்துப் புள்ளைகளுக்கு நாப்பதா?"

"ஆளுக்கு ரெண்டுதான். பத்தொம்பது பேரு."

"முப்பத்தெட்டு" என்றாள் அவள், உள்ளே போய்க்கொண்டே.

முதல் பிள்ளை ஆலிவர். அவன் எழுதியது முழுவதும் இதுதான்: "என் நாயின் பெயர் பிஸ்கட். அது பழுப்பு நிறம். அதற்குச் சாப்பாடு பிடிக்கும். எனக்கும் சாப்பாடு பிடிக்கும்." நான் சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "நன்று. சிறப்பு" என்று எழுதினேன். அடுத்தது ஒரு பிறந்தநாள் கேக். நன்று, சிறப்பு. அடுத்தது தொலைந்துபோன ஒரு மழைக்கோட்டு. மிக நன்று. கை தானாக ஓடியது. கடையில் தட்டுகளைத் திருப்பித் தள்ளும் அதே வேகம்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பன்னிரண்டாவதாக இருந்தவள் ஹேசல். தலைப்பு, வாசல். ஒன்பது வரி. அவள் அப்பா ஆடுகளை ஒரு மேய்ச்சல் நிலத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டுகிறார். எல்லா ஆடுகளும் போய்விடுகின்றன. ஒன்று மட்டும் வேலி வாசலில் நின்றுவிடுகிறது. அவளும் அப்பாவும் காத்திருக்கிறார்கள். அப்பா எதுவும் பேசவில்லை. ஐந்தாவது வரி இப்படி இருந்தது: "வாசல் தன்னிடம் ஏதோ கேள்வி கேட்டுவிட்டதைப் போல அந்த ஆடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றது." கடைசி வரி: "பிறகு நாங்கள் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டோம்."

நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். காப்பி ஆறிப்போனது. மறுபடி படித்தேன். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய், ஒன்றுகூட வெடிக்காமல், மழைக்கு மறுநாள் இலை மாதிரிப் பச்சையாக, வருடத்துக்கு ஒரு தடவை தட்டில் வரும். இதுவும் அப்படி வந்த ஒன்று. இந்தப் பிள்ளைக்கு இரண்டு வார்த்தை போதாது என்று தோன்றியது. முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு எழுதினேன்.

"ஹேசலுக்கு. இதில் மூன்று குறைகள் உள்ளன. ஒன்று, ஆட்டின் நிறத்தைச் சொல்லவில்லை. இரண்டு, அப்பா பேசவில்லை என்கிறாய். அப்போது அவர் கை எங்கே இருந்தது? மூன்று, கடைசி வரி அவசரம். உனக்குப் பசி என்பதற்காக ஆட்டை வாசலில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. மிக்கேல், கம்பம்மெட்டு, இந்தியா."

அனுப்பிவிட்டு நிறைவாக எழுந்தேன். இதைவிடப் பெரிய பாராட்டை நான் யாருக்கும் வழங்கியதில்லை. மதலேனம்மாளுக்கே ஒரு தடவையில் இரண்டு குறைக்கு மேல் கொடுத்ததில்லை.

மறு வாரம் ஆலிவர் பிஸ்கட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தான். கேக்குக்காரி இன்னொரு கேக்கைப் பற்றி எழுதியிருந்தாள். மழைக்கோட்டு கிடைத்துவிட்டது. ஹேசலின் பக்கத்தில் ஒரு வட்டம் மட்டும் வரைந்திருந்தது. அதற்கடுத்த வாரம், "எனக்கு எழுத எதுவும் இல்லை" என்று இருந்தது. நல்ல காய் அடிக்கடி வராது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் டின்சி, ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காமல், செவ்வாய்க்கிழமையே கூப்பிட்டாள்.

"அப்பா, ஹேசல் பிள்ளைக்கு என்ன எழுதி வச்சீங்க?"

"படிச்சேன். எழுதினேன்."

"மூணு குறைன்னு நம்பர் போட்டு எழுதியிருக்கீங்க. எட்டு வயசுப்பா அதுக்கு. நான் அன்னைக்கு லீவு. டீச்சரு, கவனமாப் படிச்சு எழுதின மாதிரி இருக்குன்னு அனுமதிச்சுட்டாங்க. மத்த பதினெட்டுப் பேருக்கும் சிறப்பு, சிறப்புன்னு போட்டிருக்கீங்க. ஆலிவருக்குச் சிறப்பாம். அந்த நாய்க்குச் சிறப்பாம். இதுக்கு மட்டும் குத்தம்."

"அது நல்லா எழுதியிருந்துச்சு."

டின்சி கம்பம்மெட்டில் பிறந்தவள்தானே, புரிந்திருக்கும். ஆனால் அவள் பெருமூச்சுவிட்டு, "அப்பா, இந்த ஊர்ல ஏலக்காய் விளையாது" என்றாள்.

பிறகு விஷயத்தைச் சொன்னாள். ஹேசல் மத்தியான இடைவேளையில் மரத்தடியில் உட்கார்ந்து தனியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையாம். இப்போது அந்த நோட்டை, நாய் படம் வரைந்துகொள் என்று ஆலிவருக்குக் கொடுத்துவிட்டாள். ஜூன் கடைசி வியாழக்கிழமை பெற்றோர்கள் முன்னால் பிள்ளைகள் தாங்கள் எழுதியதை வாசிக்கும் நாள். டீச்சர் அவளுக்கு 'வாசல்' என்று முன்பே குறித்துவைத்திருந்தார். அவள் முடியாது என்கிறாள். எனக்கு எழுத வராது, அந்த இந்தியாக்காரர் கண்டுபிடித்துவிட்டார் என்கிறாள்.

"இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. நீங்கதான் சரி பண்ணணும்" என்றாள் டின்சி. "மூணே மூணு காரியம். மொதல்ல ஒரு நல்லது சொல்லுங்க. அப்புறம் ஒரு கேள்வி கேளுங்க. அப்புறம் நம்ம ஊரைப் பத்தி ஒண்ணு சொல்லுங்க. குறையே வரக்கூடாது. வருமா?"

"வராது."

வந்தது. அன்று மாலை உட்கார்ந்து, "ஹேசல், உன் ஆடு மிக நன்று" என்று தட்டினேன். அந்த வரியைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு கூசியது. அது தட்டைத் தள்ளிவிடும் வரி. என் கண் முன்னால் அந்த ஆடும் வாசலும் அவள் அப்பாவும் மெல்ல மேசையின் மறுபக்கம் நகர்ந்துபோனார்கள். அழித்தேன். "சிறப்பு" என்று போட்டேன். அதையும் அழித்தேன். "ஐந்தாவது வரி எனக்குப் பிடித்திருந்தது, ஆனால்" என்று எழுதியதும், ஆனாலுக்குப் பிறகு ஏழு குறைகள் வரிசையாக வந்து நின்றன.

புஷ்பமேரி தோள்வழியாக எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. "என்ன போட்டிருக்கீக?"

"நல்லாருக்குன்னு."

"அய்யோ பாவம்" என்றாள். "திருப்பி அனுப்பப் போறீகளா அந்தப் புள்ளைய?"

"டின்சி அப்படித்தான் எழுதச் சொல்லுது."

"அவ போய் நாலு வருசமாச்சு. அவளுக்கு மறந்துபோச்சு."

ஒரு வாரம் இப்படியே போனது. அனுப்பியது ஒன்றுமில்லை. பழகினால் வரும் என்று நினைத்து, கடைக்குப் போகும் வழியில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு நல்லது, ஒரு கேள்வி, நம் ஊரைப் பற்றி ஒன்று. எல்லைச் செக்போஸ்டில் லாரிகள் நின்றுகொண்டிருந்தன. ஒரு டிரைவரைப் பார்த்துக்கூட, நல்ல லாரி, எந்த ஊருக்குப் போகிறது, இங்கே மழை, என்று மனசுக்குள் சொன்னேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் மதலேனம்மாள் வந்தார். தட்டில் பரப்பினார். சாதாரணக் காய் அல்ல. உருண்டு, திரண்டு, நுனி மூக்கு ஒடியாமல், பச்சை கண்ணைப் பறித்தது. நான் பார்த்தேன். உருட்டினேன். முகர்ந்தேன். சும்மா இருந்தேன். மதலேனம்மாள் கையைக் கட்டிக்கொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப நல்ல காய்" என்றேன். "எந்தச் சரிவுல விளைஞ்சது? எங்க வீட்டுப் பக்கமும் இப்ப மழைதான்."

சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியை நிறுத்தினார். மதலேனம்மாள் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார்.

"மிக்கேலு," என்றார், குரல் உடைந்து, "முப்பது மணி நேரம் ஸ்டோர்ல அடுப்புப் பக்கத்துல கண்ணு முழிச்சு ஒணத்துன காய். இதுக்கா இப்படிச் சொல்லிப்புட்ட?"

நான் வாயைத் திறப்பதற்குள் தட்டைச் சாக்கில் கவிழ்த்து, அதன் வாயை முறுக்கிக் கட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

பூபதிராஜா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். கோபம் வந்தால் அவர் குரல் தணியும். அன்று எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"வீட்டுப் பக்கம் மழையா?"

"ஆமா முதலாளி."

"இருபத்தொம்பது வருசத்துல இந்தக் கடையில நீ மழையப் பத்திப் பேசினதே இல்லையே. அந்தக் காய என்னான்னு நெனச்ச?"

"இந்த சீசன்ல இதுதான் மொதல் தரம்."

"அப்ப ஏன்யா அந்தம்மாவத் தொரத்துன?"

விளக்கம் சொல்லும் நிலையில் நான் இல்லை. சாலையைக் கடந்து ஓடினேன். எதிர்க்கடை வாசலில் மதலேனம்மாள் சாக்கை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அக்கா," என்றேன் மூச்சு வாங்க, "கையில ரெண்டு காய் ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. பாத்தேன். காம்பு ஒழுங்காக் கிள்ளல. ஒண்ணு பொக்கு. இன்னொண்ணுல வால் பக்கம் லேசா மஞ்சள் அடிக்குது."

மதலேனம்மாள் மெதுவாகத் திரும்பினார். "மஞ்சளா?"

"மஞ்சள்தான். மறைக்க முடியாது."

"காம்பும் சரியில்லையா?"

"கத்துக்குட்டி கிள்ளின மாதிரி இருக்கு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? வயசான மனுசிய மழையில ரோட்டக் கடக்க வச்சு." சாக்கை என் தலையில் ஏற்றிவிட்டு, முன்னால் நடந்தார். வழியெல்லாம், "மஞ்சளு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா, விறகு ஈரம்" என்று ஆனந்தமாகப் பேசிக்கொண்டே வந்தார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து இதை அப்படியே ஹேசலுக்கு எழுதினேன். எதையும் யோசிக்கவில்லை. தட்டு, நான் சும்மா இருப்பது, மதலேனம்மாளின் பூசை, நல்ல காய் என்று சொல்லித் திருப்பி அனுப்புவது, குறை சொல்லி எடுத்துக்கொள்வது, இன்று காலை நான் சாலையைக் கடந்தது எல்லாம். முடிவில் எழுதினேன்: "உன் ஆடு என் தட்டுக்கு வந்தபோது நான் மூன்று குறை சொன்னேன். அதுவரை இங்கே யாருக்கும் நான் மூன்று சொன்னதில்லை. உன் ஊரில் அதற்கு வேறு பொருள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. என்னை மன்னித்துக்கொள்." நீளம் ஒரு பக்கத்துக்கு மேல் இருந்தது. என் வாழ்க்கையில் ஒரே நாளில் நான் அவ்வளவு வார்த்தைகளைச் செலவழித்ததில்லை.

வெள்ளிக்கிழமை அது வெளியாகியிருந்தது. சனிக்கிழமை டின்சி கூப்பிட்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் தெரியவில்லை.

"அப்பா, டீச்சரு அதை வகுப்புல சத்தமா வாசிச்சுக் காட்டிட்டாங்க."

"ஹேசல் என்ன சொல்லுச்சு?"

"ஹேசல் ஒண்ணும் சொல்லல. மத்த பதினெட்டும் அழுவுதுங்க."

எனக்கு விளங்கவில்லை.

"நீங்கதானே எழுதியிருக்கீங்க, மோசமான காய்க்குத்தான் நல்லாருக்குன்னு சொல்லித் தள்ளிவிடுவோம்னு? இத்தனை வாரமா அதுங்களுக்கெல்லாம் என்ன எழுதினீங்க?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஆலிவர் என்கிட்ட வந்து கேக்குறான், பிஸ்கட் மோசமான காயான்னு. நான் என்ன பதில் சொல்ல?"

பிளாக்கைத் திறந்தேன். என் கருத்துகளுக்குக் கீழே பதில்கள் குவிந்திருந்தன. மழைக்கோட்டுக்காரன், "எனக்கும் குறை சொல்லுங்கள், குறைந்தது இரண்டு" என்று எழுதியிருந்தான். கேக்குக்காரி, தன் கேக்கில் குறையே இல்லை என்று நான் நினைப்பது அநியாயம் என்றிருந்தாள். ஆலிவர் ஒரே வரி எழுதியிருந்தான்: "ஐயா, தயவுசெய்து பிஸ்கட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள்." ஹேசலின் பக்கத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் குறை தேடினேன். அது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. தள்ளிவிட்ட தட்டை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு காயாகப் பார்க்க வேண்டியிருந்தது. பழுப்பு என்றால் எந்தப் பழுப்பு, ஈர மண்ணா, காய்ந்த இலையா? மழைக்கோட்டைத் தொலைத்த அன்று மழை பெய்ததா? கேக்கை யார் வெட்டினார்கள்? பிஸ்கட்டுக்கும் சாப்பாடு பிடிக்கும், எனக்கும் பிடிக்கும் என்று ஆலிவர் எழுதிய அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். இவனுக்கு வேறு கூட்டாளி இல்லையோ என்று முதல் தடவை படித்தபோது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். "பிஸ்கட்டின் தட்டிலிருந்து நீயும் உன் தட்டிலிருந்து பிஸ்கட்டும் எப்போதாவது சாப்பிட்டதுண்டா? இதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை" என்று எழுதினேன். உண்டு என்று அவனிடமிருந்து இரண்டரைப் பக்கம் வந்தது.

கடையில் பூபதிராஜாவுக்குச் செய்தி எட்டிவிட்டது. ஒரு தட்டைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்தபோது, "இங்க பாத்துட்டு இருக்கியா, நியூசிலாந்துலயா?" என்று கேட்டார். மதலேனம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் தன் காய் வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடமாகிவிட்டது என்றும், அதில் மஞ்சள் இருந்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை வாசிப்பு. புதன்கிழமை காலைவரை ஹேசலிடமிருந்து ஒரு எழுத்தும் வரவில்லை. செவ்வாய் மத்தியானம் டின்சியிடம் கேட்டேன். "தெரியலப்பா. ஆலிவர்கிட்ட நோட்டைத் திருப்பிக் கேட்டுச்சாம். அவன் பாதி நோட்டுக்கு நாய் வரைஞ்சுட்டான். அதுக்குமேல தெரியல" என்றாள். என் ஒன்றரைப் பக்கத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். அது மன்னிப்பா, சாக்குப்போக்கா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஒரு பிள்ளை மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டேன். சும்மா இருப்பதில் எத்தனையோ வகை உண்டு; அது நான் அறிந்த வகை அல்ல.

புதன்கிழமை விடிந்து நான் கட்டங்காப்பியைக் கையில் எடுத்தபோது போன் மினுங்கியது. ஹேசலின் பக்கம். என் நீண்ட கருத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்.

"மிஸ்டர் மிக்கேலுக்கு. உங்கள் கதையில் மூன்று குறைகள் உள்ளன. ஒன்று, அந்த அம்மாவின் சாக்கு என்ன நிறம் என்று சொல்லவில்லை. இரண்டு, சாலையைக் கடந்து ஓடினேன் என்கிறீர்கள், வண்டி வந்ததா? மூன்று, கடைசியில் அவசரமாக மன்னிப்புக் கேட்டுவிட்டீர்கள். அதற்கு முன்னால் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எழுதியிருக்க வேண்டும். அப்பாவின் கை கோட்டுப் பைக்குள் இருந்தது. அதைச் சேர்த்துவிட்டேன். ஆடு அழுக்கு வெள்ளை. அதையும் சேர்த்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டை எடுக்க மாட்டேன். ஆடு போகவே இல்லை, நாங்கள்தான் போனோம். நாளைக்கு வாசிக்கிறேன். ஹேசல்."

இரண்டு தடவை படித்தேன். ஆடு போகவே இல்லை, நாங்கள்தான் போனோம். அவள் சொல்வது சரி. அந்த வரியில் அவசரப்பட்டவன் நான்தான். காப்பியைக் கீழே வைத்தேன்.

புஷ்பமேரி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "அந்தப் புள்ளையா? என்னவாம்?"

"குறை சொல்லியிருக்கு."

அவள் கரண்டியைச் சட்டியின் மேல் வைத்தாள். "எத்தனை?"

"மூணு."

"மூணா?" அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும், போனை வாங்கி அந்த வரிகளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். "அப்ப தட்ட எடுத்துக்கிட்டா."

நான் மூன்று குறைகளையும் அவளுக்குத் தமிழில் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே கம்பத்துப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். பிறகு அவள், "சாக்கு என்ன நெறம்?" என்று கேட்டாள். எனக்கு ஞாபகம் இல்லை. மதலேனம்மாளைத்தான் கேட்க வேண்டும்.